மருதமரங்களுக்குள் புகை

முதலில் விழுந்தது ஓர் ஊசித்தட்டான்.

அவள் தோளில் விழுந்தது. சேலையைப் பற்றிக்கொண்டது. பிறகு பிடியை விட்டது.

அதன்பின் அடுத்தடுத்து விழுந்தன. பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்த அந்துப்பூச்சிகள். பொன்வண்டுகள். இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டிருந்த முசுறு எறும்புகள். என்ன பெயர் என்று அவளே இன்னும் கண்டுபிடிக்காத பச்சைப் பூச்சி ஒன்று, கால்களை மடக்கிக்கொண்டு.

தாமிரபரணிக் கரையில் மருதமரங்கள் நெருங்கி நிற்கும் காடு அது. பஞ்சாயத்து ஆள் புகை இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அதற்குள் நடந்தான். டெங்குக் கொசுவை ஒழிக்கிறார்களாம். கொசு அங்கே இருந்தால்தானே ஒழிய!

அவள் பெயர் ஜெபராணி. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். ஊருக்குப் பூச்சி டீச்சர். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் இந்த மரங்களுக்கடியில் குத்தவைத்துக் கிடப்பாள். ஊர் சிரிக்கும். ஆனாலும் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்பாது.

போன வருடம் இதே இயந்திரம் வந்தபோது பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் மல்லுக்கட்டினாள். கொசுவைத் தின்கிற தட்டானைக் கொன்றுவிட்டு நீங்கள் எந்தக் கொசுவை ஒழிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். பூச்சிக்கு வக்காலத்து வாங்க ஆள் வந்தாச்சு என்று தலைவர் கேலி பண்ணினார். கேலி பண்ணிக்கொண்டே இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்.

இந்த வருடம் சஞ்சனா செத்துப்போனாள்.

டெங்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

அதற்குப் பிறகு தலைவரிடம் போய் யார் பேச?

ஜெபராணி பேசியிருக்கலாம். பேசுவதற்கு அவளிடம் ஒன்று இருந்தது.

சஞ்சனாவின் சாவுக்குத் துட்டி கேட்கப் போன அன்று, கால் கழுவ அந்த வீட்டு முற்றத்து நீல டிரம்மின் பலகையை நகர்த்தினாள். பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர் பாதி இருந்தது. தெளிந்த தண்ணீர். அதில் கொசுவின் கூத்தாடிப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின.

டெங்குக் கொசு காட்டைத் தேடிப் போகாது. வீட்டோடு கிடந்து நல்ல தண்ணீரில் முட்டையிடும். இதை அவள் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

கை தவறியதுபோல் டிரம்மைச் சாய்த்துவிட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் தண்ணீர் போனதை யார் பார்த்தார்கள்?

வெளியே சொன்னால் காடு பிழைக்கும்.

ஆனால் அந்த டிரம்மை நிரப்பியவள் சஞ்சனாவின் அம்மா. பிள்ளை குளிக்கத் தண்ணீர் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று குழாயடியில் சண்டை போட்டு, குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றியவள்.

எப்படிச் சொல்ல?

இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. புகை கண்ணைக் கரித்தது.

பெண்கள் இரண்டு பேர் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். இசக்கியம்மாள். மகள் போனதிலிருந்து அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

அவள் நேரே ஜெபராணியிடம் வந்தாள்.

“நீங்க படிச்சவுக. சொல்லுங்க டீச்சர். போன வருசமே இந்த மருந்த அடிச்சிருந்தா எம்பிள்ள இருந்திருக்கும்லா?”

இல்லை என்று ஒரு சொல் போதும்.

அதற்கடுத்த கேள்வி என்னவென்று ஜெபராணிக்குத் தெரியும். அப்போ எங்க இருந்து வந்தது டீச்சர்?

ஆண்டவரே, என்னை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. இசக்கியம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருந்திருக்கும்.”

இசக்கியம்மாள் குனிந்தாள். கைக்கு வந்த மண்ணை, செத்த பூச்சிகளோடு சேர்த்து வாரி ஜெபராணிமேல் தூற்றினாள். சாபம் விட வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. பெற்ற வயிறு, வேறென்ன செய்யும். பெண்கள் அவளை அணைத்துக்கொண்டு போனார்கள்.

ஜெபராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தாள்.

இசக்கியம்மாளுக்கு அடுத்த வீட்டில் செண்பகம் நிறைமாதமாக இருந்தாள். அந்த வீட்டையாவது பார்த்துவிட வேண்டும். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். தண்ணீரை மட்டும் கொட்டச் சொன்னால் போதும்.

‘இருந்திருக்கும்’ என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல் அவளுக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. செண்பகத்தின் மாமியார் வாசலை மறித்து நின்றாள்.

“இந்தப் படியில காலு வைக்காத.”

கதவைச் சாத்தினாள்.

உள்ளே யாரோ டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராணி படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.