போன் போதாதா?

“கையில போன் இருக்கும்போது இந்தச் சனியன் எதுக்குடி உனக்கு? போன் போதாதா?”

சர்ச்சில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப் ஒன்றை லெய்னா வாங்கி வந்த அன்று ரோசெட் கேட்ட கேள்வி இது. லெய்னா சிரித்து மழுப்பினாள்.

“நம்ம ஊர்ல, உங்க வீட்டுக்கு எதிர்ல புது சர்ச் திறக்கிறாங்கல்ல அண்ணி. விழாவை நேரடியா காட்டப் போறாங்களாம். பெருசா பார்க்கலாமேன்னு...”

“எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவ. இப்ப லேப்டாப் இல்லாம சாமி கும்பிட மாட்டாளாம்.”

அண்ணியும் நாத்தனாரும் பசிபிக் கடலில் இருக்கிற வனுவாட்டு நாட்டின் ஒரு சின்னத் தீவிலிருந்து ஆரஞ்சு பறிக்க ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்கு வந்தவர்கள். வந்து இரண்டு வருடம் ஆகிறது. தொழிலாளர் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. அண்ணியின் வாய் மூடாது. நாத்தனாரின் வாய் திறக்காது.

அதிலும் அண்ணன் சைலஸ் பேச்சை எடுத்தால் போதும், லெய்னா கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவர்கள் தீவில் தங்கை அண்ணன் பெயரைச் சொல்லக்கூடாது. அவனைப் பற்றி நல்லதோ கெட்டதோ யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது. ரோசெட்டுக்கு இது தெரியும். தெரிந்தேதான் சீண்டுவாள்.

“உங்கண்ணன் எப்படிக் களைச்சுப் போயிட்டாரு தெரியுமா? நேத்து போன்ல பேசினாரு. எப்பவும் போல திரை முழுக்க அவர் முகம்தான். கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு. தனி ஆளா வீடு கட்டுறாரு, பாவம்.”

லெய்னாவின் கை வாய்க்குப் போனது.

“பொத்திக்கோ, பொத்திக்கோ. ஒத்தாசைக்கு ஒரு வார்த்தை உண்டா உன்கிட்ட? கூரை இன்னும் போடலையாம். இங்க தோட்டத்து மேஸ்திரி திங்கக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லிட்டான். இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு கையெழுத்துப் போடப் போறேன்.”

“ஞாயித்துக்கிழமை விழா முடியட்டும் அண்ணி. பார்த்துட்டு அப்புறம் போடுங்க.”

“ஏன், கடவுள் லேப்டாப்புல வந்து வேணாம்னு சொல்லப் போறாரா?”

பக்கத்து அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லெய்னா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் விடவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் பக்கத்து டவுனுக்குப் போய்ப் புது சிம் வாங்கி வந்தாள். போனில் போட்டு, ஹாட்ஸ்பாட் வைத்து, லேப்டாப்பை அதோடு இணைத்தாள். அடுப்பில் சோறு வேகுமுன் டேட்டா முழுக்கத் தீர்ந்துபோனது. நெடுநாள் இணைப்பே இல்லாமல் கிடந்த லேப்டாப், தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று அத்தனையையும் விழுங்கிவிட்டிருந்தது.

“நல்ல பசி. தின்னுட்டு ஒரு ஏப்பமாவது விட்டுச்சா?” என்றாள் ரோசெட்.

லெய்னா மறுபடியும் டேட்டா போட்டாள். லேப்டாப்பைக் குடைந்து குடைந்து, தானாகப் புதுப்பிக்கிற வேலையை நிறுத்தினாள். அடுத்தது சிக்னல். அறையில் இல்லை, சமையல்கட்டில் இல்லை. லேப்டாப்பைத் தூங்குகிற பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு விடுதியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“தொட்டில் கட்டித் தரவா?” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

கடைசியில் கொல்லையில், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்து லேப்டாப்பை வைத்தாள். ரோசெட் பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். படம் வந்தது, நின்றது, சுற்றியது.

“அண்ணி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். என்னோடது இழுக்க மாட்டேங்குது.”

“குடுத்தா உங்கண்ணன் எப்படிக் கூப்பிடுவாரு?”

கை வாய்க்குப் போனது. ஆனால் கண் கெஞ்சியது.

“இந்தா, எடுத்துத் தொலை. அவர் விழாவுக்குக்கூடப் போகலையாம். சுவர் பூசணுமாம். உன்னை மாதிரி வெட்டியா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஜென்மம் இல்ல அவரு.”

ரோசெட்டின் போனில் இணைத்ததும் படம் துல்லியமாக ஓட ஆரம்பித்தது.

“உட்காருங்க அண்ணி.”

ரோசெட் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டுக் குழு பாடியது. பாஸ்டர் நாடாவை வெட்டினார்.

“பாஸ்டருக்குத் தொப்பை போட்டிருக்கு. இதைப் பார்க்கவா இந்தப் பாடு? இது போன்லயே தெரிஞ்சிருக்கும்டி.”

படம் கூட்டத்தின் மேல் மெல்ல நகர்ந்து சர்ச்சுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. லெய்னா சட்டென்று அதை நிறுத்தினாள். ஓரத்தில் ஒரு மாமரம் இருந்தது. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கினாள்.

“எதுக்குடி நிறுத்துற? அங்க என்ன இருக்கு, மரமும் அதுக்குக் கீழ...”

மரத்தடியில் சைலஸ் உட்கார்ந்திருந்தான். மடியில் கைக்குழந்தை. அவன் தோளில் சாய்ந்திருந்தவள், மஞ்சள் லேஸ் வைத்த ஊதா கவுன் போட்டிருந்தாள். ரோசெட் தன் கையால் தைத்து, பெட்டியில் மடித்து வைத்துவிட்டு வந்த கவுன். பின்னால் ரோசெட்டின் வீடு. அதன் தகரக் கூரை வெயிலில் பளபளத்தது.

ரோசெட் திரும்பிப் பார்த்தாள்.

லெய்னாவின் ஒரு கை வாயை இறுகப் பொத்தியிருந்தது. இன்னொரு கை, அந்தப் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டிருந்தது.

பிழியாத துணிகளை வாளியிலேயே விட்டுவிட்டு ரோசெட் எழுந்தாள். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெட்டியை இழுத்தாள்.