எதிர்த்தீ

"ஏனுங்கக்கா, இந்தத் தோட்டத்துக்காரரை உங்களுக்குத் தெரியுமுங்களா?"

வனவர் ஸ்ரீமதி கேட்டாளே தவிர, அவள் கண் அந்த அம்மாளின் மேல் இல்லை. மலைச்சரிவில் காய்ந்த புல்லைத் தின்றபடி இறங்கிக்கொண்டிருந்த தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம என்னம்மா. தங்கையா தோட்டம். பலகையிலயே எழுதியிருக்கே" என்றாள் தெய்வம்மா. ஐம்பதைத் தாண்டியவள். மதியத்திலிருந்து பச்சைக் கிளையால் தீயை அடித்து அடித்து முகமெல்லாம் கரியாகியிருந்தது.

பாதையில் அந்த மூன்று பேர்தான் நின்றார்கள். மூன்றாவது ஆள் வெளியூரிலிருந்து வந்த தீக்காவலர் லியோ. பாதைக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள். சனங்கள் கட்டிலையும் சிலிண்டரையும் வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் கிடக்கும் ஒருவரை நாலு பேர் போர்வையோடு தூக்கிப்போனார்கள்.

பாதைக்கு மேலேதான் தங்கையாவின் தேயிலை. இந்த மாசியில்தான் கவாத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சியெல்லாம் செடிக்கடியில் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. மேலே இருக்கும் தீ அதில் கால் வைத்தால் அடுத்த நிமிடம் லயத்தில் நிற்கும்.

"எதிர்த்தீ வச்சிரலாம் மேடம்" என்றான் லியோ. "பாதையில இருந்து நாமளே மூட்டி மேல ஏத்தி விட்டா, வர்ற தீக்குத் திங்க ஒண்ணும் இருக்காது. நடுவுல மோதி செத்துரும்."

"தோட்டம்?"

"தோட்டம் போயிரும்."

போன கோடையில் இதே மாதிரி வைத்த எதிர்த்தீ ஒருவரின் கேரட் வயலில் ஏறி, ஸ்ரீமதி வாங்கிய மெமோ இன்னும் ஆறவில்லை. ரேஞ்சரோ சற்று முன்தான் போனில், "தனியார் இடம்மா. ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம தீக்குச்சிய உரசிராதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்தான்.

பலகையில் 'அத்துமீறி நுழையாதீர்' என்பதற்குக் கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. அவள் அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே அழுத்தினாள். தெய்வம்மா அந்தப் பக்கம் திரும்பி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சுவிட்ச் ஆஃப்னு வருது. ஊர்ல இல்லீங்களா அவரு?"

"இல்லம்மா. எடுக்க ஏலாது."

"கேட்டா ஒத்துக்குவாருங்களா?"

"ஒத்துக்கறதா? கண்டியில இருந்து வெறுங்கையா வந்த குடும்பம். ஒவ்வொரு செடியும் கையால வச்சது. இத விட்டா வேற ஒண்ணுமில்ல. உசிரே போனாலும் ஒத்துக்க ஏலாது." அவள் பச்சைக் கிளையைக் கை மாற்றிக்கொண்டாள். "கேக்காதீங்க. வச்சிருங்க."

ஸ்ரீமதி மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சுவிட்ச் ஆஃப். ஸ்ரீமதி பாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். காற்று திரும்பினால் தீ ஓடைப் பக்கம் போய்விடும், தோட்டமும் தப்பும். திரும்பாவிட்டால் லயமும் சேர்ந்து போகும். காற்றுக்கு என்ன, அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

"உங்க வீடு லயத்துலயாக்கா?" என்று லியோ கேட்டான்.

"இல்ல தம்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்க தீ வராது."

"அப்புறம் எதுக்கு இங்க நின்னு வேகுறீங்க?"

"கீழ புள்ளைக இருக்குல்ல."

கனலும் பொறி ஒன்று பறந்து வந்து லயத்துக் கூரையில் விழுந்தது. கீழே அலறினார்கள். யாரோ குடத்துத் தண்ணீரை வீசி அணைத்தார்கள். இனி யோசிக்க நேரமில்லை. மெமோ வந்தால் வரட்டும் என்று ஸ்ரீமதி தலையை அசைத்தாள்.

லியோ தீக்குச்சியை உரசினான். சட்டென்று தெய்வம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க தம்பி. காத்து திரும்புதான்னு பாத்துட்டு..."

"நீங்கதானேக்கா வைக்கச் சொன்னீங்க?" ஸ்ரீமதி எரிச்சலோடு கேட்டாள்.

தெய்வம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. "ஆமா. நாந்தான் சொன்னேன். வைங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிலாறு படபடவென்று பற்றிக்கொண்டது. தீ செடிகளின் மேல் ஏறி ஓடி, மேலிருந்து வந்த தீயோடு முட்டி, பெரிதாக ஒருமுறை எழும்பி அடங்கியது. பாதையைத் தாண்டிய பொறிகளை மூவரும் ஓடி ஓடி அடித்தார்கள். தெய்வம்மா அடித்த வேகத்தைப் பார்த்து லியோவே ஒதுங்கி நின்றான்.

பொழுது சாயும்போது லயத்தில் சாமான்கள் உள்ளே போகத் தொடங்கின. தோட்டம் இருந்த இடத்தில் கரிக்கட்டைகள் புகைந்துகொண்டிருந்தன. தெய்வம்மா பாதையோரம் முதுகு காட்டி உட்கார்ந்து, இடுப்பில் செருகியதை எடுத்து ஏதோ செய்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டாள்.

ஸ்ரீமதிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்தவர் சொல்லித் தெரிவதற்கு முன் தானே அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கடைசியாக ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

இந்தத் தடவை மணி அடித்தது. தெய்வம்மாவின் இடுப்பில்.

ஸ்ரீமதி போனைக் காதிலேயே வைத்தபடி நின்றாள். "அக்கா... இது..."

"எங்க வீட்டுக்காரரு போயி ஒரு வருசமாச்சும்மா. பலகைய மட்டும் மாத்தல" என்றாள் தெய்வம்மா. "ஓனரம்மான்னு நீங்க என்னையக் கேட்டிருந்தா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதான் போன அமத்தி வச்சேன்."