சரியான அளவு அதிர்வு

பதினோராயிரத்து இருநூறு.

ஆய்வுக்கூடம் அவளுக்குத் தரவேண்டிய பாக்கி அது. ரசீதைக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் மேலே அனுப்பியிருக்கிறது என்பார் பேராசிரியர். மேலே என்றால் எந்த மாடி? எல்லா மாடியையும் அவள்தான் துடைக்கிறாள்.

காசுக்குத்தான் தவணை. திட்டு மட்டும் அன்றன்றைக்கே கைமேல் கிடைத்தது.

அறை நடுவில் ஆளுயர எஃகுத் தொட்டி. அதற்குள்ளே தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய ஒரு கம்பி. அதன் வழியே எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோக வேண்டுமாம். வெளியே யாராவது அசைந்தால் உள்ளே தெரிந்துவிடுமாம்.

அவளுடைய வலது கால் 'தட்' என்றுதான் விழும். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். எலக்ட்ரான் ஓட்டத்தைக் காட்டும் திரையில் கோடு நடுங்கினால் பழி அவள் காலுக்கு.

போன மாதம் அந்த அறையின் வராந்தாவில் காலே வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். சீட்டைக் கிழிக்கப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் போனாள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது.

ஆராய்ச்சி மாணவி திரையைக் காட்டினாள். "நீங்க வராததுல இருந்து எலக்ட்ரான் எல்லாம் நடுவழியிலயே மாட்டிக்கிச்சுக்கா. ரொம்ப ஆடினாலும் கெட்டுப்போகுது, ஒரேயடியா அமைதின்னாலும் நகர மாட்டேங்குது. உங்க நடைதான் சரியான அளவு அதிர்வு!"

பேராசிரியர் ஓர் உறையை நீட்டினார். மேலே போன பாக்கி ஒரே நாளில் கீழே இறங்கி வந்திருந்தது. தினமும் ஒரு மணி நேரம், கதவுக்கு வெளியே சும்மா நடந்தால் போதுமாம்.

சும்மாவாம்.

காசை எண்ணினாள். சரியாக இருந்தது. பைக்குள் வைத்தாள்.

பிறகு குனிந்து, வலது காலின் வாரை அவிழ்த்தாள். மூன்று விரற்கடை உயரத்துக்கு அடிகட்டி, இரும்புத் தகடு வைத்து, மருத்துவமனையில் அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த செருப்பு. அதைத் தூக்கி, திரைக்கு முன்னால் மேசைமேல் 'தட்' என்று வைத்தாள். கோடு ஒரு துள்ளு துள்ளியது.

"இதுக்கான காசத்தான குடுத்தீங்க? அப்போ இனிமே இது உங்க செருப்பு சார். மாட்டிக்கிட்டு நீங்களே நடங்க."

நாற்காலியை விட்டு எழுந்தாள்.

வெறுங்காலை இழுத்து இழுத்து, சத்தமில்லாமல் அவள் போகப் போக, திரையில் கோடு படுத்துக்கொண்டது.

வாசலருகே தடுமாறினாள். அங்கே நின்ற வாயு சிலிண்டரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது அதைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

அவளுடைய வலது காலின்மேல் அது விழுந்த அன்றைக்குக் கட்டியிருக்கவில்லை.