அநாதை லொறி

‘கைவிடப்பட்ட வாகனம். நாளை அகற்றப்பட்டு, பழைய இரும்பாக விற்கப்படும்.’

லொறிக் கண்ணாடியில் அன்று காலை ஒட்டியிருந்த அறிவித்தலை உரித்துக்கொண்டு, தவராஜ் அதிகாரியின் மேசைக்கு ஓடி வந்தான்.

“சேர், இது என்னோட லொறிங்க. தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்துறது. இத வச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது.”

“அப்ப ஏன் மூணு வாரமா ஒரே எடத்துல போட்டு வச்சிருக்கீங்க? உள்ளுக்கு நாய் குட்டி போட்டிருக்கு.”

“அது என்னைக் கேட்டுட்டு ஏறலீங்க சேர்.”

“நக்கல் வேணாம். லொறி லைசனும் முடிஞ்சிருக்கு. லொறிய வீட்டுக்காவது எடுத்துட்டுப் போயிருக்கலாமே?”

“லைசன் இல்லாம ரோட்டுல எறக்கினா பொலிஸ் புடிக்கும், அப்படியே விட்டுட்டுப் போங்கன்னு ஒருத்தர் சொன்னாருங்க.”

“எந்த மடையன் அப்படிச் சொன்னது?”

தவராஜ் தரையைப் பார்த்தான்.

“சேர்தாங்க. லைசன் புதுப்பிக்கத்தான் அந்த லொறியில இங்க வந்தேன். கம்பியூட்டர் வேலை செய்யல, நாளைக்கு வாங்கன்னு சொன்னீங்க. அன்னையிலேருந்து தெனமும் இரத்தோட்டையிலேருந்து பஸ்ல வந்து கௌன்டர்ல கேக்குறேன். இன்னமும் நாளைக்குத்தான் வரச் சொல்றாங்க.”

அதிகாரி எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அலுவலக வளவுக்குள், அவருடைய காருக்குப் பக்கத்தில் லொறி நின்றது. பிறகு வந்து உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

“சரி. அரசாங்க வளவுல மூணு வாரம் லொறி நிப்பாட்ட எழுத்துல அனுமதி எடுத்தீங்களா?”