சைலண்ட் பீரியட்

“மூணு மாசமா உன் ஸ்டூடண்ட் வாயே திறக்கலையாமே, குளோரியா! ஞாயித்துக்கிழமை முந்நூறு பேர் முன்னால பேசணும். மானம் போயிடும்லா!” என்று பதறினார் பேசில்.

மலேசியாவின் கிள்ளானில் வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் குளோரியா அசரவில்லை.

“எங்க தொழில்ல இதுக்கு சைலண்ட் பீரியட்னு பேரு, அங்கிள். புது மொழி முதல்ல காதுல நிறையணும். அப்புறம் தானா வாய்க்கு வரும்.”

“வரலைன்னா?”

“வரும். நான் பொறுப்பு.”

ஞாயிறு காலை மாதா கோயிலில் பங்குப் பேரவைத் தலைவர் பேசில் உட்பட எல்லாரும் எழுந்து நின்றார்கள். குளோரியாவிடம் தமிழ் படித்துக்கொண்டிருந்த புதுப் பங்குத்தந்தை, சீனரான ஃபாதர் லிம், பீடத்தில் நின்று முதன்முதலாகத் தமிழில் வாய் திறந்தார்.

“மூணு மாசம் நான் பேசல. நல்லா கேட்டேன். நீங்க என் முன்னாலயே என்னைப் பத்திப் பேசினதையும்லா!”