நாற்பது மிளகாய்

கணவருக்குப் பதவி உயர்வு. அலுவலக நண்பர்களுக்கு வீட்டில் விருந்து. நாற்பது பஜ்ஜி மிளகாயைக் கீறி, ஒரு விதைகூட மிச்சமில்லாமல் விரலாலேயே சுரண்டி, சீஸ் அடைத்து ஓவனில் சுட்டெடுத்தேன். வந்தவர்கள் சீஸை மட்டும் ஸ்பூனால் வழித்துத் தின்றுவிட்டு, பொங்கலில் கிடக்கும் மிளகைப்போல மிளகாயைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தார்கள்.

"ரொம்பக் காரமா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"தெரியலைங்க. மிளகாயை யாராவது சாப்பிடுவாங்களா?"

கணவர் தட்டிலும் அதே வரிசை. "அடுத்த தடவை சீஸை மட்டும் வச்சிரு, செண்பகம். வேலை மிச்சம்" என்றார்.

அவர் தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய் ஒரு மிளகாயைக் கடித்தேன். துளிக் காரமில்லை. அத்தனையும் என் பத்து விரல்களில் எரிந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே அவர் வந்து முகத்தை நீட்டினார். "கண்ணுல தூசி விழுந்துடுச்சு. கொஞ்சம் எடுத்து விடேன்."