சர்வர் மேய்த்த ஊர்

"வேணும்னேதான் அழிச்சிருக்கா! இல்லேன்னா சரியா இவ முறையில மட்டும் போகுமா?"

பக்கத்து விடுதிக்கார ஜிபெக்கின் குரல் தெருவிலிருந்தே கேட்டது. சைகல் கணினி முன்னால் கல்லாய் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வாரம் ஊர்ச் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் விடுதியின் முறை. போன வருடப் பதிவுகளை மட்டும் அழிக்கப் போனாள். டேட்டாபேஸ் மொத்தமும் போய்விட்டது. இசிக்குல் ஏரிக்கரை விடுதிக்காரர்கள் அத்தனை பேரின் கோடை முன்பதிவும் அதில்தான் இருந்தது. நாளை மறுநாள் பயணிகள் வர ஆரம்பிப்பார்கள். யார், எந்த வீட்டுக்கு, எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஊர் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. பனி உருகிய சமயம் நடந்த கூட்டத்தில், சொந்த சர்வர் வேண்டாம் என்று ஒற்றை ஆளாய்ச் சண்டை போட்டவள் அவள்.

"பொது சர்வர்லயே இருப்போம். பத்து சைட்டோட பதினொண்ணாக் கிடந்தாலும், பார்த்துக்க ஆள் இருக்கு. சொந்தமா வச்சுக்கிட்டா யாரு பார்க்கிறது?"

பதில் சொல்ல எழுந்தவன் எர்மெக். தலைநகர் பிஷ்கெக்கில் வலைத்தளம் செய்து கொடுக்கும் கம்பெனி வைத்திருக்கிற உள்ளூர்க்காரன்.

"பொது சர்வர்ங்கிறது ஒரே கூடாரத்துல பத்து குடும்பம் படுக்கிற மாதிரிக்கா. ஒருத்தன் குறட்டை விட்டா எல்லாருக்கும் தூக்கம் போச்சு. நம்ம ஊர் ஆடுகளை வீட்டுக்கு வீடு முறை வச்சுதானே மேய்க்கிறோம்? சர்வரையும் அப்படியே மேய்ப்போம். வாரத்துக்கு ஒரு வீடு."

ஊரே கைதட்டியது.

முறை என்னவோ ஒழுங்காகத்தான் சுற்றியது. நகல் எடுத்து வைக்கிற வேலையை மட்டும், அடுத்த முறைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள். சைகலும்தான்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த எர்மெக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னாலேயே ஜிபெக்கும் ஊரும் வந்தார்கள்.

"தம்பி, சத்தியமாத் தெரியாமப் பண்ணிட்டேன்டா." அவளுக்கு அழுகை முட்டியது.

அவன் விசைப்பலகையை இழுத்து ஏதேதோ தட்டினான். திரையில் ஒரு பெயர் வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் மளமளவென்று வரிசையாக இறங்கி, நேற்று பதிவு செய்த ஜெர்மன்காரக் குடும்பம் வரைக்கும் வந்து நின்றது.

"வந்துடுச்சு! எல்லாம் வந்துடுச்சு!"

முதலில் கத்தியதும் ஜிபெக்தான், சைகலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததும் ஜிபெக்தான். யாரோ தேநீருக்குத் தண்ணீர் வைக்க ஓடினார்கள். அந்தச் சின்ன அறை கல்யாண வீடு போல ஆகிவிட்டது. சைகலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எர்மெக்கின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே இதையெல்லாம்?"

"வேற ஒரு சர்வர்லக்கா. தினமும் ஒரு நகல் தானாப் போய்ச் சேர்ற மாதிரி அப்பவே செஞ்சு வச்சுட்டேன். இதை உங்க தலையில கட்டினவன் நான்தானே. பயமா இருக்காதா?"

"அது யாரோட சர்வர்?"

எர்மெக் தலையைச் சொறிந்தான். கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தான்.

"பொது சர்வர்தான்க்கா. என் கம்பெனி சைட்டே ஆரம்பத்துலேர்ந்து அங்கதான் இருக்கு."